மெர்லிண்டாவின் எட்டுக் கிலோ

கப்பலில் பதினொரு வருடம் வேலை பார்த்தும் மெர்லிண்டா கடலைப் பார்த்த நாட்கள் கொஞ்சம்தான். அவள் வேலை செய்த சலவை அறை சுற்றுலாக் கப்பலின் அடிவயிற்றில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருந்தது. மேலே மூவாயிரம் பேர் குளித்துத் துடைத்துப் போட்ட துண்டுகள் ஒரு பெரிய குழாய் வழியாக வந்து குவியும். படுக்கை விரிப்புகளைச் சூடாக இழுத்துத் தேய்க்கும் நீள உருளை ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் இன்னொருத்தி. விரிப்பின் இரண்டு நுனியையும் சுருக்கமில்லாமல் பிடித்து உள்ளே விட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் விரிப்பு. அந்த உருளையை அவள் அளவுக்கு நிறுத்தாமல் ஓட்ட யாரும் இல்லை என்பதை மேலே இருந்தவர்களும் அறிவார்கள். அடுத்த தடவை வரும்போது சலவைக்குத் துணைத் தலைவியாக வா என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவள் யாரிடமும் அதிகம் பேசாதவள். அந்தச் சேதியை ஊரில் அக்காவிடம் சொல்லவே இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாள்.

கப்பலில் வேளைக்கு மூன்று தட்டு சோறு சாப்பிடுவாள். வறுத்த கருவாடு, காடியில் வேகவைத்த பன்றி அடோபோ, எது கிடைத்தாலும் சோற்றோடு. பதினொரு மணி நேர உழைப்பில் அவ்வளவும் வேர்வையாகப் போய்விடும். எடை அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்து பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்தில் மியாகாவ் என்ற சொந்த ஊருக்கு வந்தாள். இரண்டு மாதத்தில் கூப்பிட வேண்டியவர்கள் கிட்டத்தட்ட நாலு மாதம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை அக்கா வீட்டில் அதே மூன்று தட்டு. உழைப்பு மட்டும் இல்லை. மணிலாவில், கப்பலுக்கு ஆள் எடுக்கும் முகவர் அலுவலகத்தில், எடைக் கருவியில் ஏறி நின்றபோது முள் எழுபத்தாறரையில் போய் நின்றது.

உயரத்துக்கு இவ்வளவு எடை என்று கப்பல் நிறுவனம் ஓர் அளவு வைத்திருந்தது. மெர்லிண்டாவின் உயரத்துக்கு அறுபத்தெட்டரைக்கு மேல் கூடாது. மருத்துவச் சோதனைக்கு ஏழு வாரம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதத்துக்குள் மறுபடி கப்பல் ஏறாதவள் பட்டியலிலிருந்து போய்விடுவாள் என்று இன்னொரு விதியும் இருந்தது. அப்புறம் புதிதாகத்தான் மனு போட வேண்டும். புதிதாகச் சேருகிறவள் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். மெர்லிண்டாவுக்கு முப்பத்தொன்பது. இந்தக் கப்பலை விட்டால் அவளுக்கு இனிக் கப்பலே இல்லை.

மணிலாவின் எர்மிட்டா பகுதியில் கப்பல்காரப் பெண்கள் தங்கும் விடுதியில் ஒரு கட்டில் பிடித்தாள். ஓர் அறையில் மேலும் கீழுமாக எட்டு இரட்டைக் கட்டில், கட்டிலுக்கு ஒரு பெட்டி, வாசலுக்குப் பக்கத்தில் ஓர் எடைக் கருவி. மேல் கட்டிலில் ஜோய்லின் என்ற பெண் இருந்தாள். இருபத்தாறு வயது, கப்பல் உணவகத்தில் பரிமாறுகிறவள், அவளும் இலோய்லோக்காரி. மெர்லிண்டாவை முதல் நாளே அக்கா என்ற முறையில் மனாங் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தன்னுடைய பழைய கைக்கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டதும் அவள்தான். அது மணி மட்டும் காட்டுகிற கடிகாரம் இல்லை. நடந்தால் எவ்வளவு நடந்தாய், அதில் எத்தனை கலோரி எரிந்தது என்று கைபேசிக்குச் சொல்லிவிடும்.

"மனாங், இதுல ஒரு கேள்வி கேக்குது. நீங்க உக்காந்தே இருக்கிற ஆளா, கொஞ்சம் நடக்கிற ஆளா, ரொம்ப உழைக்கிற ஆளா?"

"காலையில ஆறு மணிக்குப் போயி சாயங்காலம் வரைக்கும் அவங்க வீட்டுத் துணி, அவங்க வீட்டு மாடிப்படி, அவங்க வீட்டு நாய். இதுல உக்கார எங்க நேரம்?"

"அப்ப ரொம்ப உழைக்கிற ஆள்" என்று ஜோய்லின் தட்டினாள். "இப்பப் பாருங்க. ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு கலோரி சாப்பிடலாம். அதுக்கு மேல எவ்வளவு எரிக்கிறீங்களோ அதையும் சாப்பிட்டுக்கலாம். பச்சையாக் காட்டும்."

"எரிச்சதத் திரும்பத் தின்னா அப்புறம் எதுக்கு எரிக்கணும் இண்டாய்?" இளையவளை அந்தப் பக்கத்தில் இண்டாய் என்பார்கள்.

"ஏற்கெனவே குறைச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கு மனாங். எரிச்சதையும் தின்னலைன்னா உடம்பு பயந்துபோயி கொழுப்ப இறுக்கிப் புடிச்சுக்குமாம். படிச்சவங்க சொல்றாங்க."

"என் உடம்பு எதுக்கும் பயந்து நான் பாத்ததில்ல" என்றாள் மெர்லிண்டா. ஆனால் ஜோய்லின் கல்லூரியில் ஒரு வருடம் படித்தவள். மெர்லிண்டா பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். பச்சை எண்ணை நம்பிவிட்டாள்.

அவங்க வீடு என்று அவள் சொன்னது ஆள் எடுக்கும் அதிகாரியின் வீடு. கப்பலுக்குக் காத்திருக்கிறவர்கள் சும்மா விடுதியில் கிடந்தால் கோப்பு அடியில் போய்விடும். அலுவலகத்தார் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்கள் அங்கே காபி கலப்பார்கள், கார் கழுவுவார்கள், கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது. இப்படி இருப்பவர்களுக்கு யுட்டிலிட்டி என்று பெயர். சலவைக்காரி என்று கோப்பில் பார்த்ததும் மெர்லிண்டாவைப் பரஞாக்கேயில் இருந்த தன் வீட்டுக்கே அனுப்பிவிட்டார் அதிகாரி. மூன்று மாடி வீடு. துவைக்கும் இயந்திரம் இருந்தது. அவருடைய மனைவி மேடம் விர்ஜிக்கு இயந்திரம் துணியைக் கடித்துவிடும் என்று பயம். எல்லாம் கையால்தான்.

விடியுமுன்னே ஜோய்லினும் அவளும் கடற்கரைச் சுவரோரம் ஓடுவார்கள். சட்டைக்குள் கறுப்புக் குப்பைப் பையைக் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொள்வார்கள், வேர்வை நிறையப் போகட்டும் என்று. அங்கே ஓடுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். எல்லோருக்கும் ஏதோ ஒரு மருத்துவச் சோதனை காத்திருக்கும். ஓடி முடித்து ஆறு மணிக்கு ஜீப்னி வண்டி பிடித்துப் பரஞாக்கே. வாளிகளும் மாடிப்படிகளும் முடிந்து மதியத்தில் கைபேசியைப் பார்த்தால் அறுநூறு பச்சையாக நிற்கும். அதற்குச் சமையல்காரி பேசிங்கின் தட்டில் பதில் இருந்தது.

பேசிங் அந்த வீட்டில் இருபது வருடமாகச் சமைக்கிறாள். அறுபது வயது. வாய் சும்மா இருக்காது.

"வா இண்டாய். உன் கடிகாரம் இன்னைக்கு எத்தன தட்டுக்கு உத்தரவு கொடுத்திருக்கு?"

"ஒண்ணரைத் தட்டு மனாங். அடோபோ ரெண்டு துண்டு."

"கொழுப்போடவா, கொழுப்பு இல்லாமலா? கேட்டுச் சொல்லு. நான் பதினேழு வயசுலருந்து கடிகாரத்தக் கேக்காமத் தின்னு கெட்டுப் போயிட்டேன்."

மெர்லிண்டா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். பசியும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. கப்பலில் இருந்த மாதிரியே இருந்தது. உழைத்ததற்குச் சோறு. ஓடிய நாளில் சாயங்காலம் சீனிப் பாகில் பொரித்த வாழைப்பழம் ஒரு குச்சியும் வாங்கிக்கொள்வாள். அதற்கும் பச்சையில் இடம் இருந்தது.

மூன்று வாரம் கழித்து விடுதி வாசலில் ஏறி நின்றாள். எழுபத்தாறு. அரைக் கிலோதான் போயிருந்தது. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினாள். அதேதான்.

"தண்ணியா இருக்கும் மனாங்" என்றாள் ஜோய்லின். "பொறுங்க. சில பேருக்குத் திடீர்னு ஒரே நாள்ல இறங்கும்."

"எனக்கு நாலு வாரந்தான் இருக்கு."

"உடம்ப நம்புங்க."

அன்று மெர்லிண்டா எதையும் நம்பாமல் கவனித்தாள். அவளுக்கு அதுதான் தெரியும். சலவை அறையில் எந்த இயந்திரம் கெட்டாலும் முதலில் அதன் பக்கத்தில் போய் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அதேபோல் வாளி முன்னால் குந்தியிருந்து, மேடம் விர்ஜியின் படுக்கை விரிப்பைத் தேய்க்கத் தேய்க்கக் கடிகாரத்தைப் பார்த்தாள். கை அசைய அசைய எண் ஏறியது. மாடிப்படி ஏறினாள். ஏறியது. விடியலில் ஓடியதில் வந்தது இருநூற்றுக்கும் கொஞ்சம் குறைவு. மீதி நானூறும் இந்த வாளியும் இந்தப் படியும்தான்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப உழைக்கிற ஆள் என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. உழைக்கிற ஆளுக்கு என்றுதான் ஆயிரத்து எண்ணூறு கொடுத்தது. அதில் இந்த வாளி இருக்கிறது. அப்புறம் கடிகாரம் இதே வாளியைப் பார்த்துப் புதிதாக நானூறு கொடுக்கிறது. ஒரே துணியைத் துவைத்துவிட்டு இரண்டு தடவை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஜோய்லினிடம் சொன்னாள். ஜோய்லின் முதலில் சிரித்தாள். பிறகு கைபேசியை வாங்கி, விரலால் முன்னும் பின்னும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

"ஐயோ மனாங். நான் உக்காந்திருக்கிற ஆளுன்னு போட்டுக் கடிகாரத்த எண்ண விட்டிருக்கணும். இல்லன்னா கடிகாரமே வேணாம். ரெண்டுல ஒண்ணுதான்."

"பரவால்ல."

"பரவால்லன்னு சொல்லாதீங்க. திட்டுங்க என்னை."

"திட்டினா இறங்குமா இண்டாய்?"

கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு நிதானமாகக் குறைத்தால் மாதத்துக்கு இரண்டு கிலோ, மிஞ்சினால் மூன்று இறங்கும் என்று ஜோய்லின் பார்த்துச் சொன்னாள். போக வேண்டியது ஏழரை. மெர்லிண்டா கடிகாரத்தை அவிழ்த்து மேல் கட்டிலில் வைத்தாள். திரும்பத் தின்பது என்ற பேச்சையே விட்டாள். எரித்தது எரித்ததுதான். தின்பது தனியாக ஒரு பக்கம், அதுவும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைவாக.

காலையில் அவித்த முட்டை ஒன்று. மதியம் கங்குங் கீரை போட்ட ரசம் ஒரு கிண்ணம், சோறு இல்லாமல். இரவுக்கு ஒன்றுமில்லை, ரொம்ப முடியாவிட்டால் ஒரு முட்டை. ஓட்டத்தைக் கூட்டினாள். வாளியும் படியும் அப்படியே இருந்தன.

பேசிங் இரண்டு நாள் கேலி செய்தாள். மூன்றாம் நாள் கேலி செய்யவில்லை.

"இந்தத் தட்ட யாருக்குப் போட்டேன்னு நினைக்கிற? நாய்க்கா?"

"வயிறு சரியில்ல மனாங்."

"உன் வயிறு சரியாத்தான் இருக்கு. தலைதான் சரியில்ல. வேலை செய்யிற பொம்பள தின்னாம வேலை செஞ்சா என்ன ஆகும் தெரியுமா? எங்க ஊர்ல எருமையே படுத்துடும்."

"எருமைக்கு மருத்துவச் சோதனை கிடையாதே."

"வாயாடக் கத்துக்கிட்டியே, என்கிட்ட இருந்து" என்று சொல்லிவிட்டுப் பேசிங் தட்டை மூடி வைத்தாள். மறுநாளும் போட்டாள். மறுநாளும் மூடினாள்.

முதல் வாரத்தில் மூன்று கிலோ போனது. விடுதியே கைதட்டியது. இரண்டாம் வாரம் ஒன்றேமுக்கால். குளிக்கும்போது முடி விரலோடு வந்தது. வெயிலில் துணி காயப்போடும்போது கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றால் கண் தெளிந்துவிடும். குளிர் தெரிய ஆரம்பித்தது. மணிலா வெயிலில் நடுங்குகிறவளை ஜீப்னியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோய்லின், "மனாங், போதும், எரிச்சதுல பாதியையாவது சாப்பிடுங்க" என்றாள். அவளிடம் மெர்லிண்டாவுக்குக் கோபம் இல்லை. ஆனால் அவள் பேச்சைக் கேட்டுச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம் மேடம் விர்ஜியின் பிறந்தநாள் வந்தது. பன்றி முழுசாகச் சுட்டு மேசையில் வைத்திருந்தார்கள். பிறந்தநாளுக்குச் செய்யும் பன்சித் நூடுல்ஸைத் தொடாமல் போனால் அந்த வீட்டுக்காரருக்கு ஆயுசு குறையும் என்று நினைப்பார்கள். மேடம் தானே ஒரு தட்டில் பன்சித்தும் மொறுமொறுத்த தோலும் வைத்து நீட்டினார்.

"சாப்பிடு. என் கண்ணு முன்னாடியே சாப்பிடு. ரொம்ப இளைச்சுட்ட நீ."

அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெர்லிண்டா முழுவதும் சாப்பிட்டாள். ஒரு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல ஒரு வலி வந்தது. முதுகு வரைக்கும் போனது. பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். பேசிங் பார்த்துவிட்டாள்.

"என்ன?"

"பழக்கமில்லாமத் தின்னுட்டேன். வேற ஒண்ணுமில்ல."

பேசிங் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மணி நேரத்தில் வலி தானாகப் போய்விட்டது. தின்னாமல் இருந்தால் வரவில்லை. தின்னக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்ததாகவே மெர்லிண்டா எடுத்துக்கொண்டாள்.

சோதனைக்கு முந்தின நாள் தண்ணீரையும் நிறுத்தினாள். குப்பைப் பையோடு இரண்டு தடவை ஓடினாள். காலையில் விடுதியில் அறுபத்தெட்டு புள்ளி இரண்டு. ஜோய்லின் அவளைக் கட்டிக்கொண்டாள். "மனாங், எலும்புதான் தட்டுது" என்றாள், சிரிக்க முயன்றுகொண்டே.

மருத்துவமனையில் கப்பல்காரர்கள் ஆணும் பெண்ணுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு தாள். ஒவ்வோர் அறையிலும் ஒரு முத்திரை விழ வேண்டும். கண், காது, பல், இரத்தம், நெஞ்சுப் படம். எடை அறையில் இருந்த பெண் அறுபத்தெட்டு புள்ளி மூன்று என்று எழுதி முத்திரை குத்தினாள். மெர்லிண்டா அந்த முத்திரையைக் காய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அறையில் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து நகர்த்திப் பார்த்தார்கள். வலது விலாவுக்குக் கீழே வந்ததும் கருவி நின்றது. கொஞ்சம் அழுத்தியது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது. மறுபடி அங்கேயே வந்து நின்றது.

அந்த அறையில் முத்திரை விழவில்லை. டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள். டாக்டர் வயதான பெண்மணி. கண்ணாடியைக் கழற்றாமல் தாளைப் படித்தார்.

"பித்தப்பையில கல்லு இருக்கு. சின்னதா நாலஞ்சு. வலி உண்டா?"

"இல்ல டாக்டர்."

"சாப்பிட்டா?"

"இல்ல."

"போன வருஷச் சோதனையில ஒண்ணும் இல்லை." அவர் தாளைத் திருப்பினார். "சமீபத்துல எடை குறைஞ்சீங்களா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"எட்டு கிலோ."

"எத்தனை நாள்ல?"

மெர்லிண்டா தன் கைகளைப் பார்த்தாள். பட்டினி கிடந்து வந்தவள் என்று தெரிந்தால் எடை முத்திரையையும் ரத்து செய்துவிடுவார்களோ என்று இருந்தது. "ஆறு மாசம் டாக்டர். மெதுவாத்தான்."

"வேகமாக் குறைச்சா இப்படி வர்றதுண்டு. பித்தநீர் போக வழியில்லாமத் தேங்கிக் கெட்டியாயிடும். நீங்க மெதுவாத்தான் குறைச்சேன்னு சொல்றீங்க. அப்ப வேற ஏதாவது காரணமா இருக்கும்." அவர் எழுதிக்கொண்டே பேசினார். "எதுவா இருந்தாலும் பையை எடுத்தாகணும். எடுத்து ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. இதோட கப்பலேற விட முடியாது. நடுக்கடல்ல வலி வந்தா யாரு அறுப்பாங்க?"

"ஒரு ஒப்பந்தம் மட்டும் போயிட்டு வந்து எடுத்துக்கறேன் டாக்டர்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்கம்மா."

ஆறு மாதம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் கல் கரைந்திருக்காது. இருந்தாலும், நாலு வாரத்தில் ஏழரைக் கிலோ என்று அந்த அம்மாவிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம் என்று ஜீப்னியில் வரும்போது தோன்றியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

பத்தொன்பது நாளும் அவள் பரஞாக்கேக்குப் போனாள். அதிகாரி ஏதாவது செய்வார் என்று ஒரு நினைப்பு. அவர் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கப்பலுக்குச் சலவைத் துணைத் தலைவியாக செபுவிலிருந்து வேறொருத்தி போனாள். ஜோய்லினும் தன் கப்பலுக்குப் போனாள். போகும்போது கடிகாரத்தை மெர்லிண்டாவின் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதை விடுதிக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள் மெர்லிண்டா. நீ எப்படிப்பட்ட ஆள் என்று கேட்கும், யோசித்துப் பதில் சொல் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள்.

இருபதாம் நாள் மேடம் விர்ஜி பின்கட்டுக்கு வந்தார்.

"உன் விரிப்பு மடிப்பு ஓட்டல் மாதிரி இருக்கு. நீ ஏன் இங்கயே இருந்துடக் கூடாது? பேசிங்கோட அறையில இன்னொரு கட்டில் போடலாம். மாசச் சம்பளம் தர்றேன்."

பேசிங் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

மெர்லிண்டா இருந்துவிட்டாள். மியாகாவுக்குப் போய் அக்கா முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. இப்போது தட்டில் பேசிங் எவ்வளவு போட்டாலும் சாப்பிடுகிறாள். கொழுப்பான துண்டைப் பேசிங்கே பார்த்து எடுத்துவிடுவாள். இருந்தும் மாதத்தில் இரண்டு மூன்று தடவை அந்த வலி வரும். எடை எழுபதுக்குப் போனது, எழுபத்திரண்டுக்குப் போனது. பிறகு அவள் பார்க்கவில்லை.

அரசு மருத்துவமனையில் காத்திருந்து அறுவைக்கு ஒரு தேதி வாங்கியிருந்தாள். நவம்பர் பதினாறு. ஒரு வாரம் முன்னால் மேடத்திடம் சொன்னாள்.

"பதினாறாம் தேதியா? என் சின்னப் பொண்ணுக்குப் பதினெட்டு முடியுற விருந்து அந்த வாரந்தானே. வீடு நிறைய ஆள் வருவாங்க. படுக்கை விரிப்பெல்லாம் யாரு பாப்பா? தள்ளிப் போட்டுக்கோயேன். உனக்கு இப்ப ரொம்ப வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஜனவரில பாத்துக்கலாம்."

"சரி மேடம்."

மதியம் பாத்திரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குத் தொலைபேசினாள். ஜனவரித் தேதி இன்னும் கொடுக்க ஆரம்பிக்கவில்லை, வேண்டாம் என்றால் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு பெண் சொன்னாள். பதினாறாம் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

"கொடுத்துடுங்க" என்றாள் மெர்லிண்டா.